ஆறாம் நம்பர் வாசனை

அக்கா, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். மீதி எல்லாம் எங்கள் ஆபீசில் எனக்கு மேலே இருந்த எஸ்தர் மேடம் சொல்லி நான் கேட்டது. அவருக்கு, இதில் வருகிற அந்த அம்மாவே சொன்னது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வரும்போது ஒன்றிரண்டு கூடும், ஒன்றிரண்டு குறையும். நான் கூட்டாமல் சொல்லப் பார்க்கிறேன்.

நீங்கள் மடியில் வைத்திருக்கிற அந்தப் பெட்டியைப் பார்த்ததும்தான் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. பாடகர் இளம்பரிதி படம் போட்ட பெட்டி. தம்பிக்கா? நல்லது. நல்ல செண்டுதான், தயங்காமல் கொடுங்கள். அந்த வாசனையைச் செய்தது எங்கள் கம்பெனி. அம்பத்தூரில் இருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அங்கே மோந்து பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் அப்பாவும் சிரித்தார். "காலேஜுக்கு அனுப்பினது மோந்து பாக்குறதுக்கா பாப்பா?" என்றார். ஊரில் யாராவது கேட்டால் "லேபுல இருக்கா" என்று மட்டும் சொல்கிறார். எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் யாரும் ஆபீசுக்குப் போனதில்லை, அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. இன்னும் என் வேலை நிரந்தரமாகவில்லை. அதனால் நான் சொல்வது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். நீங்கள் ஆரணியில் இறங்கிவிடுவீர்கள்தானே? அப்படியானால் சரி.

பாட்டுக்காரர் பெயரில் செண்டு என்றால் அவரே உட்கார்ந்து பூவைக் கசக்கிச் செய்கிறார் என்று நினைக்கிறார்கள். வேலைக்குச் சேரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படியில்லை. செண்டு விற்கிற கம்பெனி பாடகரோடு ஒப்பந்தம் போடும். பிறகு எங்களிடம் வரும். இந்த வயசுப் பையன்கள் வாங்க வேண்டும், இந்த விலைக்குள் அடங்க வேண்டும், சொன்னால் கேட்கிற மாதிரி ஒரு கதை வேண்டும் என்று சொல்லும். அதில் கதைதான் பெரிது. எங்கள் ஆட்கள் எண்ணெய்களைக் கலந்து, நம்பர் போட்ட சீசாக்களில் கொண்டுவந்து வைப்பார்கள். பாடகர் வந்து, காகிதப் பட்டையில் தொட்டுக் கொடுப்பதை மோந்து பார்த்து, இதுதான் என்று ஒன்றைக் காட்டுவார். அவர் வேலை அவ்வளவுதான். சில பேர் அதற்கும் மேனேஜரை அனுப்பிவிடுவார்கள்.

இளம்பரிதி அப்படியில்லை. நேரில் வந்தார். கூடவே அவர் மனைவி தாட்சாயணி அம்மாவும் வந்தார். ஏன் கூட வந்தார் என்பதுதான் விஷயம். பரிதிக்கு வாசனை தெரியாது அக்கா. ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்ததே, அப்போது அவருக்கும் வந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் திரும்பிய மூக்கு அவருக்கு மட்டும் திரும்பவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது, பக்கத்தில் சாம்பிராணி போட்டாலும் தெரியாது. வெளியே சொல்லவில்லை. சொன்னால், மூக்கு போனவனுக்குத் தொண்டை மட்டும் ஒழுங்காகவா இருக்கும் என்று சினிமாக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்களாம். வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டார்கள்.

தாட்சாயணி அம்மாவும் பாட்டுப் படித்தவர். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்துத்தான் கல்யாணமே ஆனது. அதற்கப்புறம் அந்த அம்மா பாடவில்லை, கூடப் போவார். ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிதி பாடுவார். சுருதி இறங்கினால் மடியில் வைத்திருக்கிற கையில் ஒரு விரல் எழும்பும். பரிதி பார்த்துத் திருத்திக்கொள்வார். வேறு யாருக்கும் தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு ஸ்டூடியோவில் பாடுகிறவரைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. அந்த அம்மா கூடப் போகிற பழக்கம் அப்போது நின்றது, அப்படியே நின்றுவிட்டது.

பரிதி மறுபடி ரெக்கார்டிங்குக்குப் போக ஆரம்பித்த நாட்களில்தான் அது. சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையைத் தாட்சாயணி அம்மா துவைக்க எடுத்தார். நெஞ்சுப் பக்கத்தில் ஒரு வாசனை. ரோஜா மாதிரி, ரோஜா இல்லை. உள்ளே ஒரு குளிர்ச்சி. அதற்கும் அடியில் புதுப் பொம்மையைப் பிரித்தால் வருமே, அந்த ரப்பர் வாடை. பரிதி செண்டு போடுகிறவர் இல்லை. முதுகில் இல்லை, தோளில் இல்லை, நெஞ்சில் மட்டும். ஒரு தலை சாய்ந்தால் எங்கே படுமோ அங்கே.

"என்ன தாச்சு, சட்டையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற?"

"பட்டன் லூசா இருக்கு."

"தச்சுடேன் அப்ப."

லூசாக இல்லாத பட்டனைப் பிரித்து, திரும்பத் தைத்தாராம்.

அழவில்லை. கோபப்படவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாத மாதிரி இருக்குமே, அந்த மாதிரி ஆகிவிட்டது என்று எஸ்தர் மேடத்திடம் சொல்லியிருக்கிறார். சமைத்தார், கோயிலுக்குப் போனார், கச்சேரிக்கு வேட்டி இஸ்திரி போட்டார். சாயங்காலம் சட்டையை எடுத்தால் மட்டும் தெரிந்துவிடும். இன்று உண்டு. இன்று உண்டு. இன்று இல்லை. மறுபடி உண்டு. கணவரே பேசாததைக் கணவர் சட்டை தினமும் வந்து சொல்கிறது. பரிதிக்கோ தன் சட்டை என்ன சொல்கிறது என்று தெரியவே வழியில்லை. தெரிந்தால் துவைத்துப் போட்டுவிட்டாவது வருவார்.

கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நானும் அதைத்தான் எஸ்தர் மேடத்திடம் கேட்டேன். அந்த அம்மா சொன்னாராம், "கேட்டா அவர் 'என்ன வாசனை?'ம்பார். நிஜமாவே தெரியாம கேக்குறாரா, நடிக்கிறாரான்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிப்பேன்? மூக்கு இல்லாதவர்கிட்ட என்னத்தைக் கேக்கிறது?" அதுவும் சரிதான். ஆனால் எனக்கு இந்த இடத்தில் கோபம்தான் வரும். ஒரு வார்த்தை அக்கா. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை. படித்தவர், பாடத் தெரிந்தவர், இவ்வளவு வருஷம் ஒரு வார்த்தையை உள்ளேயே வைத்துக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டார்? எனக்குப் புரியவில்லை.

விட்டுப் போகிற எண்ணம் அந்த அம்மாவுக்கு இல்லை. கேட்கிற தைரியமும் இல்லை. வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் அந்தச் சட்டையை எடுக்கும்போது எதுவும் தெரியக் கூடாது. அவ்வளவுதான். தெரியாமல் இருக்க வேண்டும்.

அப்படி இருக்கும்போதுதான் செண்டு ஒப்பந்தம் வந்தது.

இனி சொல்வது நான் பார்த்தது. பட்டைகளைத் தொட்டுக் கொடுத்ததே நான்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் பரிதி, பக்கத்தில் தாட்சாயணி அம்மா. இந்தப் பக்கம் எஸ்தர் மேடம். ஓரத்தில் செண்டுக் கம்பெனியின் விளம்பரக்காரர் பிரசன்னா, போனைத் திறந்து வைத்துக்கொண்டு, பரிதி வாயிலிருந்து என்ன விழும் என்று காத்துக்கொண்டிருக்கிறார். "சார், மனசுல என்ன வருதோ அதை அப்படியே சொல்லுங்க சார். சின்ன வயசு, அம்மா, காதல், எது வேணா."

"முதல்ல நான் பாத்துடறேன். அவருக்கு நேரா மோந்தா தும்மல் வரும்" என்று தாட்சாயணி அம்மா ஒவ்வொரு பட்டையையும் வாங்கினார். மோந்தார். பரிதி கையில் கொடுத்தார். மடியில் இன்னொரு கை தாளம் போடுகிற மாதிரி லேசாக அசைந்தது. விரல் எண்ணினால் பூ. உள்ளங்கையைத் திருப்பினால் கட்டை, சந்தனம். கை மூடினால் பிடிக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது, பாட்டுக்காரர் வீட்டு அம்மா, சும்மா இருந்தாலும் தாளம் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். பரிதி அழகாகப் பேசினார். "இது மல்லிகைன்னு சொல்ல முடியாது, மல்லிகை போன பிறகு கூந்தல்ல இருக்குறது." பிரசன்னா உருகிவிட்டார்.

எஸ்தர் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நடுவில் எதையும் தொடாத வெறும் பட்டை ஒன்றைத் தள்ளிவிடுவார். எதைக் கொடுத்தாலும் தலையாட்டுகிறவர்களைக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி. அன்றும் தள்ளினார். தாட்சாயணி அம்மா மோந்தார். மறுபடி மோந்தார். அதற்கு அவர்களிடம் சைகை இல்லை. கை மடியில் அப்படியே நின்றுவிட்டது. பரிதி அந்தக் கையைப் பார்த்தார். அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"இது வந்து... மழை வர்றதுக்கு முந்தி, காத்து நின்னு போயிருக்குமே. அது."

"சார்!" பிரசன்னா எழுந்தே நின்றுவிட்டார். "இதான் சார்! புல்லரிக்குது சார்! மேடம், அது எந்த நம்பர்?"

"குறிச்சு வச்சிருக்கேன்" என்றார் எஸ்தர் மேடம். முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியும், அது வெறும் காகிதம். நான் வாயைத் திறக்கவில்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் திறந்திருக்க மாட்டீர்கள்.

அதற்கடுத்த வாரம் எஸ்தர் மேடம் சீசாக்களை எடுத்துக்கொண்டு தனியாக அவர்கள் வீட்டுக்குப் போனார். பரிதி ரெக்கார்டிங்குக்குப் போயிருந்த நேரம். தாட்சாயணி அம்மா சமையலில் இருந்தார்.

"அம்மா, சார் இதுக்காக அலைய வேணாம். நீங்களே பாத்து சொல்லிடுங்க."

அந்த அம்மா அடுப்பைத் தணித்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"மழை வந்தப்போ."

அந்த அம்மா சிரித்துவிட்டாராம். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்த மாதிரி இருந்தது, வாய்க்கு வழி மறந்துபோன மாதிரி, என்று எஸ்தர் மேடம் சொன்னார்.

ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் சொந்த முழங்கை மடிப்பை மோந்து பார்க்கச் சொல்வோம். செண்டுக் கடையில் மூக்கைத் தெளிய வைக்கக் காப்பிக்கொட்டை நீட்டுவதெல்லாம் வேடிக்கை. சொந்தத் தோல் வாசனைதான் மூக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

"என் கையில வெங்காயம்தான் வருது மேடம்."

"வரட்டும்மா. உங்க வெங்காயம்தானே."

ஆறாம் நம்பரில் அந்த அம்மா நின்றார். பட்டையை மேஜையில் வைத்தார். எழுந்து உள்ளே போய், துவைக்கப் போட்டிருந்த சட்டை ஒன்றை எடுத்துவந்து எஸ்தர் மேடம் முன்னால் விரித்தார். நெஞ்சுப் பக்கத்தைக் காட்டினார். "இதைப் பாருங்க."

எஸ்தர் மேடம் மோந்தார். பட்டையை மோந்தார். "ஒண்ணு இல்லம்மா. ஆனா சொந்தம். அக்கா தங்கச்சி மாதிரி. சார் செண்டு போடுவாரா?"

"போடறதில்ல."

மேடம் மேலே கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம் இல்லையா.

"எனக்கு அக்கா தங்கச்சி வேணாம் மேடம். அச்சு அசல் இதேதான் வேணும். சார் பேர்ல வர்ற செண்டு இந்த வாசமா இருக்கணும்."

"அம்மா, இது பொம்பளைங்க பக்கம் போற வாசம். நாங்க செய்யறது பையங்களுக்கு."

"அவர் பேர் போட்டா வாங்குவாங்க."

"எதுக்கும்மா இது?"

காய் நறுக்குகிறபோது பேசுகிற மாதிரிதான் சொன்னாராம். "ஊர்ல எல்லார் சட்டையிலயும் இது அடிக்கட்டும். அவர் சட்டையிலயும் அடிச்சா, அது அவர் பேர் போட்ட செண்டு. அவ்வளவுதானே? துவைச்சுப் போட்டுட்டு நான் வேற வேலையைப் பாப்பேன்."

அதற்கப்புறம்தான் மிச்சத்தையும் சொன்னார். பட்டன், பல் ஊசி எல்லாம். எஸ்தர் மேடம் கேட்டுக்கொண்டு இருந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, நான் என்ன சொல்றது என்றார் என்னிடம்.

அந்த ஆறாம் நம்பரைச் சட்டை வாசனைக்குக் கொண்டுவர மூன்று மாசம் போனது. எண்ணெய் கலக்குகிறவருக்குத் தாட்சாயணி அம்மாவின் குறிப்புகள் எஸ்தர் மேடம் வழியாகப் போகும். ரோஜா கூடுகிறது, குறையுங்கள். குளிர்ச்சி முதலில் வர வேண்டாம், இரண்டாவதாக வரட்டும். அடியில் அந்த ரப்பர் இன்னும் வரவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "யாரு மேடம் இது, இவ்வளவு துல்லியமா சொல்றது?" என்று கேட்டார். "பாடகர்தான்" என்றார் மேடம். "பரவால்லையே, மூக்கும் சுருதி சுத்தமா இருக்கே!" என்றார் அவர். உண்மையைச் சொன்னால், நாங்கள் செய்த பாட்டுக்காரர் செண்டுகளில், பெயர் போட்டவர் வீட்டில் இத்தனை பாடுபட்டு வந்தது இது ஒன்றுதான்.

வெளியீட்டு விழாவில் நான் பின்வரிசையில் நின்றேன். செண்டுக்குப் பல்லவி என்று பெயர். பரிதி மைக்கைப் பிடித்துக்கொண்டு, மழைக்கு முன்னால் காற்று நிற்கிற கதையைச் சொன்னார். கைதட்டல் அடங்கவில்லை. முன்வரிசையில் தாட்சாயணி அம்மாவும் தட்டினார். ஒப்பந்தப்படி பரிதி வெளியே போகும்போதெல்லாம் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டார். ரெக்கார்டிங்குக்குப் போட்டுக்கொண்டார், கச்சேரிக்குப் போட்டுக்கொண்டார், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டார். விற்பனையும் நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் பின்சீட்டுப் பையன்களிடம் எல்லாம் அந்த வாசனை.

கொஞ்ச நாள் கழித்து எஸ்தர் மேடம் போன் செய்து, "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"எப்படின்னா? சட்டை சட்டையா இருக்கு."

"நிம்மதிதானே?"

"முன்னாடியெல்லாம் வாசம் இல்லாத நாள் ஒண்ணு ரெண்டு வரும் மேடம். அன்னைக்குச் சாதம் ருசியா இருக்கும். இப்ப அந்த நாளும் இல்ல. பரவால்ல. ரெண்டும் வேணும்னா எப்படி?"

அவ்வளவுதான் எஸ்தர் மேடம் சொன்னது. போன வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு மகளோடு பெங்களூர் போய்விட்டார்.

செய்யாறு தாண்டிவிட்டோமா? இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த வருஷம் ஆரம்பத்தில் இரண்டாவது செண்டுக்கு விளம்பரப் பாட்டு ரெக்கார்டிங் நடந்தது. மைக் முன்னால் சீசாவை வைத்துப் படம் எடுக்க வேண்டும், கொண்டுவா என்று பிரசன்னா சொன்னார். பரிதி எப்போதும் பாடுகிற அதே ஸ்டூடியோ. நான் சீல் பிரிக்காத சீசாவோடு அந்தச் சின்ன அறைக்குள் போனேன். பரிதி இன்னும் வரவில்லை. உள்ளே பல்லவி அடித்தது. நான் கொண்டுபோனது பல்லவி இல்லை. சீசா கசிகிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. மைக்குக்கு ஒரு பஞ்சு உறை போட்டிருந்தார்கள். குனிந்து அதை மோந்தேன். முழங்கை மடிப்பை மோந்தேன். மறுபடி பஞ்சை மோந்தேன். ரோஜா, அப்புறம் குளிர்ச்சி, அடியில் ரப்பர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவு செய்கிற சம்பத் சார் ஸ்பீக்கரில், "என்னம்மா, மைக்கைப் போய் மோந்து பாக்குற? அது பாடாது" என்றார்.

"இதுல என்ன சார் வாசனை?"

"மருந்தும்மா. கிருமி மருந்து. ஒவ்வொருத்தர் பாட வர்றதுக்கு முந்தியும் பஞ்சுல அடிப்போம். முந்தினவங்க எச்சி தெறிச்சிருக்கும்ல. ஈரம் காயறதுக்குள்ள அடுத்தவங்க வந்து நின்னுடுவாங்க."

மைக் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன். பாடுகிறவருக்கு வாய்க்கு நேராக. ஈரப் பஞ்சிலிருந்து சொட்டினால் இறங்குவது நெஞ்சில்.

ஆபீசுக்கு வந்து விசாரித்தேன், யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி. அந்த மருந்துக்கு வாசனை கொடுப்பதே நாங்கள்தான். வாசனைக் கம்பெனி என்றால் செண்டுக்கு மட்டுமில்லை, தரை துடைக்கிற தண்ணீருக்கும் கொடுக்கும். ஒரே கலவையைக் கொஞ்சம் மாற்றி ஷாம்புவுக்கு, கொஞ்சம் மாற்றி சோப்புக்கு. ஆறாம் நம்பர் அதிலிருந்து கிளைத்ததுதான். அக்கா தங்கச்சி என்று எஸ்தர் மேடம் சொன்னது சரியாகத்தான் போயிருக்கிறது.

அந்த அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்கப் போகிறீர்கள். நான் எப்படி அக்கா சொல்வது? யார் நான்? எங்கள் வாசனையை வாங்குகிற கம்பெனியின் பாடகர் வீட்டு விஷயம். எஸ்தர் மேடம் நம்பி என்னிடம் சொன்னது. எஸ்தர் மேடத்திடம் சொன்னால் அவர் அந்த அம்மாவிடம் சொல்லாமல் இருக்க மாட்டார், அப்புறம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று வரும். வருகிற ஆவணியில்தான் என்னை நிரந்தரம் ஆக்குவதைப் பற்றிப் பேசுவார்கள். அந்த அம்மாவும் இப்போது பழகிவிட்டார். பழகினவரைப் போய்க் கலைப்பானேன். சரியான நேரம் வந்தால் சொல்லலாம். எதையும் தீர விசாரித்துத்தான் பேச வேண்டும், அதுதான் என் சுபாவம்.

அப்படி ஒரு பெண் இல்லவே இல்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. பஞ்சில் மருந்தும் இருக்கலாம், நெஞ்சில் ஒருத்தி சாய்ந்தும் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று, ஒரு வாரம் கழித்து சம்பத் சாருக்குப் போன் செய்து, அந்த மருந்தை எப்போதிலிருந்து அடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காய்ச்சல் முடிஞ்சு ஸ்டூடியோ கதவைத் திறந்த அன்னைக்கேம்மா" என்றார். "அன்னைக்கு முதல்ல வந்து பாடினது நம்ம பரிதி சார்தான்."